நாற்பத்தாறாம் நம்பர் குழல்

சக்கரம் விரிசல் விட்ட பதினெட்டாம் நாள் காலையில், மில்காரர் என் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "மாடி, அந்தக் கடுதாசியை இன்னொரு தடவை படிங்க" என்றார். அவருக்கு என் பெயர் தெரியும். ஆனால் குடிவந்த நாளிலிருந்து நான் அவருக்கு மாடிதான்.

அதற்குள் அது நான்காவது தடவை. படித்தேன். "நாளை காலை பத்து மணிக்கு வருகிறேன். அதுவரை துப்பாக்கியை ஒன்றும் செய்ய வேண்டாம். தேய்க்க வேண்டாம். மெருகு போட வேண்டாம். இருக்கிறபடியே இருக்கட்டும்."

"எண்ணெய்கூடப் போடக் கூடாதா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னா அதுவும்தான்."

"நான் ஏன் போடப் போறேன்? ஒன்பது வருஷமாத் தொடவே இல்லையே" என்று இறங்கிப் போனார். ஐந்து நிமிடத்தில் கீழே சுத்தியல் சத்தம் கேட்டது. ஒழுகாத குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். மத்தியானம் அது ஒழுகத் தொடங்கியது.

நான் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்துப் பிழைக்கிறவன். மரம் அறுக்கும் மில்லுக்கு மேலே இருக்கும் அறைக்குப் புத்தியுள்ளவன் எவனும் குடிவர மாட்டான். அதனால் வாடகை குறைவு, அதனால் நான் வந்தேன். முதல் ஆறு மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இரைச்சலே எனக்கு வேலை நேரம் ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்கு ரம்பம் ஓடினால் நானும் பேனாவை எடுப்பேன், ஐந்துக்கு நின்றால் மூடிவைப்பேன். இந்தப் பதினெட்டு நாள் நிசப்தத்தில் ஒரு பக்கம் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. ஒரு அத்தியாயத்தில் மட்டும் பதினோரு பிழை விட்டிருக்கிறேன் என்று அச்சகத்தில் ஏச்சு வாங்கினேன். அந்தக் கோபம் எனக்கு மில்காரர் மேலும் இருந்தது.

அந்த மில்லில் இருப்பது பட்டை ரம்பம். ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்புச் சக்கரம், அவற்றைச் சுற்றி ஓடும் பல் வைத்த பட்டை. மேல் சக்கரத்தில்தான் விரிசல். வார்ப்பிரும்பு, ஒட்டவும் முடியாது, ஒட்டினாலும் அந்த வேகத்தில் சிதறினால் நாலு பேர் போய்விடுவார்கள். அந்த மாதிரிச் சக்கரம் இப்போது யாரும் செய்வதில்லை. வெளியூர் வார்ப்படச் சாலை ஒன்றில் மட்டும் ஒன்று வார்த்து வைத்திருந்தார்கள். அதன் விலையைக் கேட்ட அன்று மில்காரர் சாப்பிடவில்லை.

வேலைக்காரர்கள் எட்டு பேரும் தினமும் வந்தார்கள். அறுக்காத மரங்களின் மேல் உட்கார்ந்து, எடுத்து வந்த ரொட்டியைப் பத்து மணிக்கே தின்றுவிட்டு, பதினொரு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த அறுப்பாளர் எதையும் "ஒரு நூல் கூட", "ஒரு நூல் குறைய" என்றே அளப்பார், அதனால் அவருக்கு நூலு என்றே பெயர். அவர்தான் எல்லோருக்குமாகப் பேசினார். "முதலாளி, ஒண்ணாம் தேதி வரைக்கும் இருக்கோம். அதுக்கு மேல வீட்ல பதில் சொல்ல முடியாது. மூணாவது தெரு மில்லுல கூப்பிடுறாங்க." கை பழகிய அறுப்பாட்கள் போய்விட்டால் சக்கரம் வந்தும் பிரயோஜனம் இல்லை, மில் போன மாதிரிதான். ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் மில்காரரின் மனைவி துப்பாக்கியை நினைவுபடுத்தினார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். "அலமாரிக்கு மேல ஒண்ணு தூங்குதே, அது என்ன பெறும்னு கேட்டா என்னங்க?" என்றார். மில்காரர் அன்று முழுக்க அலமாரிப் பக்கமே போகவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, பழைய துப்பாக்கிகளுக்கு விலை மதிக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். இங்கிலாந்தில் செய்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி, கம்பெனிப் பெயர் இன்னது, நம்பர் இன்னது என்று நான்தான் பார்த்து எழுதினேன். நம்பரின் கடைசி இரண்டு எண் நாற்பத்தாறு.

அது ஜோடியில் ஒன்று. மில்காரரின் அப்பா துறைமுக ஏலம் ஒன்றில் இரண்டு துப்பாக்கியையும் ஒரே தோல் பெட்டியோடு எடுத்திருக்கிறார். நாற்பத்தாறு மூத்தவனுக்கு, நாற்பத்தேழு இளையவனுக்கு. இளையவர், அதாவது சின்னவர், இதே மனையின் பின்பாதியில் இருந்தார். நடுவில் தலை உயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் அவர் கதவும் ஜன்னலும் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அதற்கு வேண்டிய பலகையைச் சுவருக்கு இந்தப் பக்கம் வாங்காமல் மூன்றாவது தெரு மில்லிலிருந்து வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்தார். அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. பெண்கள் இரண்டு பேரும் மட்டும் அந்தச் சுவரின் மேல் தினமும் முட்டையும் தேயிலையும் சேதியும் மாற்றிக்கொண்டார்கள். ஆண்களுக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கடுதாசியில் சொன்னபடி மறுநாள் பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். மூக்கடைத்துக்கொண்டு, கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார். மழை வருமா வராதா என்று தெரியாத புழுக்கம், அதிலும் அவருக்குக் குளிர்ந்தது. அக்கா தேநீர் கொண்டுவந்தார். "கை சூடாகும், வேர்க்கும். வேலை முடியட்டும்மா" என்று மறுத்துவிட்டார். ஜன்னல் ஓரமாக மேசையைப் போடச் சொல்லி, பையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து விரித்தார்.

மில்காரர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மதிப்பீட்டாளர் பெட்டியைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். மூன்று பக்கம் தோல், பித்தளை மூலை. நாலாவது பக்கம் வேறு பலகை அடித்து மூடியிருந்தது.

"இது என்ன பெட்டி?"

"துப்பாக்கிப் பெட்டிதான். பாதி."

"பாதின்னா?"

"பங்கு பிரிச்சப்போ அறுத்தோம். ஆளுக்குப் பாதி."

மதிப்பீட்டாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்டியை அறுத்தீங்களா?"

"நம்ம ரம்பத்துலதான். ஒரு நூல் விலகலை, வேணும்னா வச்சுப் பாருங்க" என்றார் மில்காரர். அவர் குரலில் பெருமையே இருந்தது.

"ஐயா, அந்தப் பெட்டிக்கே தனி விலை உண்டு. கம்பெனிச் சீட்டு ஒட்டின மூடி, ஜோடிக்குன்னே செஞ்ச அறை. நான் முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். குதிரை மிதிச்ச பெட்டி பார்த்திருக்கேன், கரையான் தின்ன பெட்டி பார்த்திருக்கேன். நேரா அறுத்த பெட்டியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

அக்கா வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான் போனார்.

துப்பாக்கியை மதிப்பீட்டாளர் கையில் எடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனிப் பெயரை முதலில் பார்க்கவில்லை. தோளில் வைத்துப் பார்த்தார், கண்ணை மூடி ஒருமுறை ஏந்தினார். திருகாணிகளின் வெட்டுக்களை விரல் நகத்தால் தடவி, "கண்டவன் கை வைக்கலை, நல்லது" என்றார். விசை இருக்கும் பூட்டுப் பகுதியில் செதுக்கியிருந்த கொடியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அக்ரூட் மரம். அடிக்கட்டை ஒரே துண்டு, விரிசல் இல்ல. பூட்டு முதல் தரம்." ஒவ்வொரு சொல்லுக்கும் மில்காரர் அரை அடி நகர்ந்து நெருங்கினார்.

"சக்கரத்துக்கு ஆகுமா?" என்றார்.

"எந்தச் சக்கரத்துக்கு?"

நான் சொன்னேன். விலையையும் சொன்னேன். மதிப்பீட்டாளர் தலையை ஆட்டினார். "இதுவரைக்கும் பார்த்ததுக்கு ஆகும். மேலயே ஆகும். ஆனா பாதி விலை குழல்ல இருக்கு."

குழலுக்கு அடியில் இருந்த முன்கட்டையைக் கழற்றினார். துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலும் ஒட்டிய துண்டைத் தனியே எடுத்தார். அதை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். மணி மாதிரி ஒரு நீண்ட ஓசை வந்தது. "ரெண்டு குழலையும் ஒட்டின பற்றவைப்பு விடலை." பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். அப்படியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்பத் துடைச்சீங்க?"

"தொடவே இல்லைங்க. ஒன்பது வருஷமா. நீங்ககூட எழுதியிருந்தீங்களே, தொடக் கூடாதுன்னு."

"நான் வெளியில தேய்க்காதீங்கன்னு எழுதினேன், அதுவும் நேத்து ஒரு நாளைக்கு. உள்ள பாருங்க."

மில்காரர் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். இரண்டு வளையம் வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் பழுப்புச் சொறி. அம்மை விழுந்த மாதிரி குழி குழியாக இருந்தது.

"கடைசியா சுட்ட புகைக்கரியை எடுக்காம வச்சிருக்கீங்க. அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னிருக்கு. கடைஞ்சு எடுக்கலாம்னா சுவர் மெலிஞ்சு போகும், அப்புறம் சுட்டா வெடிச்சிடும்." ஒரு அளவுக்கருவியை உள்ளே விட்டுச் சுவரின் கனத்தைப் பார்த்து ஒரு சீட்டில் குறித்தார். பிறகு குழலை மாட்டி, இடையில் ஒரு சிகரெட் தாளை வைத்துத் துப்பாக்கியை மூடித் தாளை இழுத்தார். அது சுலபமாக வழுக்கி வந்தது. அவர் முகம் மாறியது.

"இது கவ்வணும். இவ்வளவு நல்ல பூட்டு ஏன் கவ்வலை?" மறுபடியும் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தை லென்ஸுக்குக் கீழே வைத்தார். முன்கட்டையைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். "கடுதாசியில நம்பர் எழுதினது யாரு?"

"நான்தான்."

"எங்க பார்த்து எழுதினீங்க?"

"பூட்டு மேல."

"குழலுக்கு அடியில பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பிழைப்பு. காது சூடாகிவிட்டது. லென்ஸை வாங்கிக் குனிந்தேன். பூட்டில் நாற்பத்தாறு. முன்கட்டையில் நாற்பத்தாறு. குழலில் நாற்பத்தேழு.

"இந்தக் குழல் இந்தத் துப்பாக்கியோடது இல்ல" என்றார் மதிப்பீட்டாளர். "ஜோடின்னா ஒரே கை செஞ்சது. அதனால ஒண்ணோடது இன்னொண்ணுல ஏறும். ஆனா கவ்வாது. வேற ஆள் குழல், அதுவும் துரு. இப்ப இருக்கிற நிலைமைக்குக் கால் சக்கரத்து விலைதான் வரும். அதுக்கு மேல நான் எழுதினா என் கையெழுத்துக்கு மரியாதை இல்ல."

மில்காரர் உட்காரவில்லை. சுவரோரம் போனார், வந்தார், மேசையின் ஒரு காலைக் குனிந்து ஆட்டிப் பார்த்தார். "எப்படி மாறியிருக்கும்?" என்று மேசையிடம் கேட்டார்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். இப்போது சிரிப்பில்லை. "எப்படி மாறுச்சா? நான் சொல்றேன்" என்று மதிப்பீட்டாளரைப் பார்த்துத் திரும்பினார். "கடைசியாப் பன்னி சுடப் போயிட்டு வந்த அன்னிக்குங்க. ரெண்டையும் கழட்டி ஒரே விரிப்புல போட்டு உக்காந்தாங்க, எப்பவும் அப்படித்தான் துடைப்பாங்க. சின்னவர் சொன்னார், மில்லு ரெண்டு பேருக்கும் சேர்ந்தே ஓடட்டும்னு. இவர் சொன்னார், ஒரு ரம்பத்துக்கு ரெண்டு முதலாளி ஆகாதுன்னு. அவ்வளவுதான். ஆளுக்குக் கிடைச்சதை வாரிக்கிட்டு மாட்டுனாங்க பாருங்க. அந்த வேகத்தைப் பார்த்து நான் போய்த் தோட்டாப் பெட்டி மேல உக்காந்துட்டேன். பெட்டியை அறுத்து முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கலை."

"பழசை எதுக்கு எடுக்கிறே?" என்றார் மில்காரர்.

"நீங்க மாட்டுனது உங்களோடதுன்னு ஒன்பது வருஷம் வச்சிருந்தீங்களே, அதைச் சொல்றேன்."

"அப்ப இதோட குழல் தம்பிகிட்ட இருக்கு" என்றார் மதிப்பீட்டாளர். "அது நல்லா இருந்து, இதுல கவ்வினா பேச்சே வேற. போய்க் கேளுங்க."

"நான் போக மாட்டேன்."

"ஒண்ணாம் தேதி?" என்றேன் நான். எனக்கு அந்த இடத்தில் பேச உரிமை இல்லை. ஆனால் பத்தொன்பது நாளாகச் சத்தம் இல்லாமல் இருந்தவன் நான்.

"போக மாட்டேன்னா போக மாட்டேன். மில்லு எனக்கு, பின்பாதி அவனுக்குன்னு எழுதி வாங்கினவன் நான். இப்ப எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

அதைச் சொன்னபோது அவர் கை, மேசை மேல் கிடந்த சிகரெட் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கே கொஞ்சம் தணிந்தது.

அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் போய், அவர்கள் வழக்கமாக ஏறி நிற்கும் மரத்துண்டின் மேல் ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். சின்னவர் மனைவியின் குரல் கேட்டது. இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பட்டறையில் இழைப்புளி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பத்து நிமிடம் ஆயிற்று. மதிப்பீட்டாளர் மூக்கைச் சிந்தினார். வெளியே எட்டு பேரும் மரத்தை விட்டு எழுந்து நிற்பது ஜன்னலில் தெரிந்தது. சின்னவர் சுவர் வழியாக வரவில்லை. தெருவைச் சுற்றி, மில்லின் முன்வாசல் வழியாக, அறுத்த பெட்டியின் மறுபாதியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தலையெல்லாம் மரத்தூள். நூலு வழி விட்டு ஒதுங்கினார்.

சின்னவர் அண்ணனைப் பார்க்கவில்லை. பெட்டியை மற்றப் பாதியின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் பொருந்தி நின்றன. உண்மையில் ஒரு நூல் விலகவில்லை.

மதிப்பீட்டாளர் அதிலிருந்த துப்பாக்கியைப் பிரித்து, குழலின் அடியைப் பார்த்து, "நாற்பத்தாறு" என்றார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். இந்தமுறை அவர் முகத்தில் அந்த வெளிச்சம் விழுந்தது. "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். "யார் பார்த்துக்கிட்டாங்க இதை?"

"நான்தான்" என்றார் சின்னவர். "மழை முடிஞ்சதும் ஒரு தடவை, மழை தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை."

மதிப்பீட்டாளர் குழல்களை மாற்றி மாட்டினார். சிகரெட் தாள் வைத்து நாற்பத்தாறை மூடினார். மெதுவாக, திண்ணென்று ஒரு சத்தம். தாளை இழுத்தார். வரவில்லை, கிழிந்தது.

"ஒரு சக்கரம். வண்டி வாடகையும் மாட்டுற கூலியும் சேர்த்து" என்றார் மதிப்பீட்டாளர். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த மாத்தல்ல தம்பிக்கு நஷ்டம். அவரோட துப்பாக்கிக்கு இப்ப இந்தத் துருக் குழல்தான் வருது. அதுக்கும் கால் சக்கரத்து விலைதான். ரெண்டையும் ஜோடியா வித்தா துருவோடயே ரெண்டு பேருக்கும் நல்ல விலை வரும்."

சின்னவர் மேசையில் கிடந்த நாற்பத்தேழாம் குழலை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றத் துளையிலும் பார்த்தார். இறக்கி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு தடவைகூடவா துடைக்கலை?"

"துடைக்கணும்னா பிரிக்கணும்" என்றார் மில்காரர். "பிரிச்சா அந்த விரிப்பு ஞாபகம் வரும். அப்படியே வச்சிட்டேன்."

மில்காரர் மதிப்பீட்டாளரிடம் திரும்பினார். "திருப்பி மாத்துங்க."

"என்னங்க சொல்றீங்க?" என்றார் அக்கா.

"அவன் பார்த்து வச்சதை வித்து நான் சக்கரம் வாங்குறதா? அவன் குழலைத் துருப்பிடிக்க விட்டவன் நான். திருப்பி மாத்துங்க. கால் சக்கரமே போதும், மிச்சம் கிடைக்கலைன்னா மில்லை மூடுறேன்."

"அது உன் குழல்தான்" என்றார் சின்னவர்.

"நீ துடைச்ச குழல்."

"உன் நம்பர்னு தெரிஞ்சுதான் துடைச்சேன்."

மில்காரரின் கை மேசை விளிம்பில் நின்றது. "தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும். மூடும்போதே கவ்வலையே. திருப்பிப் பார்த்தேன், நாற்பத்தாறு."

"ஏண்டா சொல்லலை?"

"கேட்டு வருவேன்னு இருந்தேன். உனக்கும் கவ்வாதே, பார்த்திருப்பே, வருவேன்னு. வரும்போது துருவோட குடுக்கக் கூடாதுன்னு துடைச்சு வச்சேன்." சின்னவர் துருக் குழலைத் தம் பாதிப் பெட்டியில் வைத்தார். "நீ திறந்தே பார்க்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மில்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். பத்தொன்பது நாளில் அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஜோடியா எழுதட்டுமா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"என்னோடது விக்கிறதுக்கு இல்ல" என்றார் சின்னவர், பழைய வீம்பு மாறாமல். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே தெருவைச் சுற்றிப் போனார். மதிப்பீட்டாளர் ஆறிப்போன தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நாற்பத்தாறு நாலாம் நாள் விலைபோயிற்று. வாங்கியவர் ஒரு கார் நிறையக் கம்பளி விரித்துக் கொண்டுபோனார். சக்கரம் இருபத்தொன்பதாம் தேதி லாரியில் வந்தது. நூலுவும் மற்றவர்களும் இரண்டு நாள் சங்கிலியோடு மல்லுக்கட்டி அதை ஏற்றி, பட்டையை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தார்கள்.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு எல்லாம் தயார். பொத்தானை அமுக்க முதலாளியைக் காணோம். வீட்டிலும் இல்லை. அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. விடிஞ்சதும் எந்திரிச்சுப் போனார், தேத்தண்ணிகூடக் குடிக்கலை" என்றார்.

தெருவைச் சுற்றிப் போனேன். சின்னவர் ஒரு கதவு நிலையை இழைத்துக்கொண்டிருந்தார். மில்காரர் தரையில் சம்மணம் போட்டு, மடியில் நாற்பத்தேழாம் குழலை வைத்துக்கொண்டு, கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கறுத்த துணித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன.

"எல்லாரும் காத்திருக்காங்க. நீங்க வந்துதான் அமுக்கணுமாம்" என்றேன்.

"நூலுவை அமுக்கச் சொல்லுங்க."

நான் சுவரருகே போய்க் குரல் கொடுத்தேன். சின்னவர் இழைப்பதை நிறுத்தாமலே, "போதும்ணே. விழுந்த குழி போகாது. விலை பார்க்க வந்தவர்தான் சொன்னாராமே" என்றார்.

"போக வேண்டாம். இதுக்கு மேல கூடாம இருந்தாச் சரி" என்றார் மில்காரர். கையை நீட்டினார். "துணி இருந்தாக் குடுடா, இது கறுத்துப் போச்சு."

சின்னவர் இழைப்புளியை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டின் ஓரத்தில் ஒரு பட்டை கிழித்துக் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடத் தொடங்கியது. இரண்டு பேருமே தலையைத் தூக்கவில்லை.